நியூ மூர் தீவு

வங்காள விரிகுடாவின் வடகோடியில், ஹரியபங்கா ஆற்றுக் கழிமுகத்துக்கு வெளியே தோன்றி மறைந்த மணல்திட்டு. இந்தியாவில் பூர்பாஷா என்றும் பெயருண்டு; வங்கதேசத்தார் தெற்குத் தல்பட்டி என்பர். 1970 நவம்பரில் வீசிய போலா புயலுக்குப் பின் தலைகாட்டியது. கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர்கூட உயராத இத்திட்டில் மக்கள் குடியேறியதில்லை.

இத்திட்டு யாருக்கு என்ற இந்திய-வங்கதேசத் தகராறின் வேர் 1947 பிரிவினையின்போது ராட்கிளிஃப் வகுத்த எல்லையில் இருக்கிறது. கழிமுகத்தில் எல்லை ஆற்றின் நடு ஓட்டத்தையே பின்பற்ற வேண்டும். முதன்மை ஓட்டம் திட்டுக்குக் கிழக்கே செல்கிறது என்றது இந்தியா. மேற்கே என்றது வங்கதேசம். வண்டல் ஆறுகள் ஆண்டுதோறும் தடம் மாறுபவை. ஒருமுறை அளந்து முடிக்கக்கூடிய வழக்கு அல்ல இது. 1981இல் இந்தியா அங்கே கொடியேற்றியது. வங்கதேசம் பீரங்கிப் படகுகளை அனுப்பியது. துப்பாக்கி வெடிக்கவில்லை. திட்டு மூழ்கிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் அறிவித்தனர்.

திட்டைவிட அதைச் சுற்றிய கடலே பெரிது. அடியில் எரிவாயு இருக்கலாம் என்பதே இருதரப்பின் கணக்கு. வங்கதேசக் கரை உட்குழிந்தது. இந்தியாவும் மியான்மரும் கோரிய சமதூரக் கோடுகள் இரண்டும் கத்தரிக்கோல் போல முன்னே நெருங்கி, அதன் கடலைத் துண்டித்துவிடும். 2009 அக்டோபரில் வங்கதேசம் இருவர்மீதும் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின்கீழ் நடுவர் நடவடிக்கை தொடங்கியது. மியான்மர் வழக்கு ஹாம்பர்க் கடற்சட்டத் தீர்ப்பாயத்துக்கு மாற்றப்பட்டு 2012 மார்ச்சில் முடிந்தது. இந்திய வழக்கில் ஐவர் நடுவர் குழு 2013 அக்டோபரில் விரிகுடாவுக்கே நேரில் வந்து பார்த்தது. நீர் ஏறினால் மறையும் திட்டை எல்லை அளக்கும் அடிப்படைப் புள்ளியாகக் கொள்ள வேண்டும் என்ற இந்தியாவின் வாதத்தை அது ஏற்கவில்லை; அது நியாயமே. 2014 ஜூலை 7 தீர்ப்பு சமதூரக் கோட்டைத் திருத்தி, தகராறிலிருந்த 25,602 சதுர கி.மீ. பரப்பில் 19,467ஐ வங்கதேசத்துக்கு வழங்கியது. திட்டு இருந்த இடமோ இந்தியப் பக்கம் விழுந்தது.

இரு நாடுகளும் தீர்ப்பை ஏற்றன. கோட்டுக்கு அப்பால் ஒரு சிறு பகுதியில் கடற்படுகை உரிமை வங்கதேசத்துக்கும், மேலுள்ள நீரில் மீன்வள உரிமை இந்தியாவுக்கும் உரியது. அங்கே நடைமுறை ஒழுங்கை இருவரும் தங்களுக்குள் பேசி வகுத்துக்கொள்ள வேண்டும்.