விழித்திருக்கும் மூளையில் சொற்களைத் தேடுதல்

இறுதிப் போரில் எறிகணைச் சிதறல் ஒன்று என் அண்ணரின் இடப்பக்கத் தலையில் பட்டது. உயிர் தப்பினார். நாம் கதைப்பது அவருக்கு விளங்கும். கரண்டியைக் காட்டினால் பெயர் மட்டும் வராது. சொற்கள் மூளையில் எங்கே இருக்கின்றன என்று நான் தேடி வாசிக்கத் தொடங்கியது அதனால்தான்.

மூளையின் முன்பகுதி சேதமடைந்தால் பேச்சு போகலாம் என்பதை பிரான்ஸ் வைத்தியர் போல் புரோக்கா 1861இல் காட்டினார். ஆனால் அந்த இடம் எல்லோருக்கும் ஒன்றல்ல. அமெரிக்க நிபுணர் ஜோர்ஜ் ஓஜெமன் 117 நோயாளிகளில் செய்து 1989இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஆகவே மொழிப் பகுதிக்கு அருகில் கட்டியோ வலிப்பின் மூலமோ இருந்தால், வெட்டுமுன் அந்த நோயாளியின் மூளையிலேயே தேடிப் பார்க்கிறார்கள். இம்முறையை மொன்றியலில் வளர்த்தெடுத்தவர் வைல்டர் பென்பீல்ட்.

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தலைத்தோலை விறைக்கச் செய்து, நோயாளியை விழிக்க வைப்பார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் மெல்லிய மின்னோட்டத்தால் ஓரிடத்தைத் தொடுவார். அதே நேரம் நோயாளி ஒரு படத்தைப் பார்த்து "இது ஒரு..." என்று தொடங்கிப் பெயரைச் சொல்ல வேண்டும். முழுப் பேச்சும் நின்றால் ஒரு பொருள். "இது ஒரு" என்று சொல்லிவிட்டுப் பெயர் வராவிட்டால் வேறொரு பொருள். அத்தகைய இடங்களை இயன்றவரை வெட்டாமல் விடுவார்கள். மின்னோட்டத்தால் வலிப்பு வந்தால் குளிர்ந்த திரவத்தை மூளைமேல் ஊற்றி அடக்குவார்கள்.

முன்பு கடதாசி அட்டைகளில் காட்டிய படங்களை இப்போது கையடக்க ரப்லெட் காட்டுகிறது. குரலையும், பதில் வர எடுத்த நேரத்தையும் அது பதிகிறது. சத்திரசிகிச்சைக்கு முன்பே பயிற்சி கொடுத்து, நோயாளி பெயர் சொல்ல முடியாத படங்களை நீக்கிவிடுவார்கள்.

கருவி எதுவானாலும் மொழி சரியாக இருக்க வேண்டும். இரு மொழி பேசுவோரில் ஒரு மொழியை மட்டும் தடுக்கும் இடங்கள் உண்டு என 1978இலேயே ஓஜெமனும் விற்றேக்கரும் எழுதினார்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் தமிழ் தவறிப் போகலாம். தமிழிலும் எங்கள் ஆட்கள் "கதிரை" என்பார்கள். "நாற்காலி" என்ற விடையை எதிர்பார்ப்பவர் அதைப் பிழையெனக் குறிக்கக்கூடும். வெளிநாட்டில் இச்சிகிச்சைக்குப் போகும் உறவினர் இருந்தால், எந்த மொழியில் சோதிப்பீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஊர்ச் சொல் தெரிந்த ஒருவரோடு படங்களைப் பார்த்து, அவர் வழமையாகச் சொல்லும் பெயர்களைக் குறித்துக் கொடுங்கள்.

அண்ணருக்கு இந்தச் சிகிச்சை பொருந்தாது; அவருடைய காயம் பழையது. ஆனால் சொல் வராதவர் அறிவில்லாதவர் அல்லர் என்பதை இதை வாசித்த பிறகு வீட்டில் எல்லோருக்கும் விளக்க முடிந்தது. இப்போது அவர் பெயரைத் தேடும்போது நாங்கள் காத்திருக்கிறோம்.