பிடித்ததும் விட்டதும்

தையல் மிஷின் சத்தம் ஓயாத புதியம்புத்தூரில் கிரகணம் 'நிகழ்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. 'கிராணம் பிடிச்சிருக்கு' என்பார்கள். முடிந்தால் 'விட்டாச்சு'. தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி, அது சாயும்வரை அடுப்புப் பற்றவைக்காத வீடுகள் கரிசல் பக்கம் உண்டு. பிடித்தல், விடுதல் என்ற இந்த இரண்டு வினைகளுக்குள்ளேயே அந்தச் சொல்லின் கதை இருக்கிறது.

வடமொழியில் 'க்ரஹ்' என்றால் பற்று. கிரகம், பற்றுவது. கிரகித்தல், மனத்தால் பற்றுவது. பாணிக்கிரகணம், கையைப் பற்றுவது, அதாவது கல்யாணம். சங்கப் புலவர்களும் நிலவைப் பாம்பு விழுங்குவதாகத்தான் பாடினார்கள். கிரேக்கர் வேறு மாதிரி நினைத்தார்கள். 'எக்லிப்ஸ்' என்பதன் மூலப் பொருள், விட்டு நீங்குதல். அவர்கள் ஒளி போனதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நம்மவர்கள் பிடித்தது யார் என்று தேடினார்கள்.

உண்மையில் அங்கே பிடிப்பவர் எவருமில்லை, நிழல்தான் என்று 499இலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். அதனால் கிரகணம் என்ற சொல் வேண்டாம், 'மறைப்பு' போதும் என்பார் உண்டு. ஒன்றையொன்று மறைக்கும் விண்மீன் இணையையும் 'மறைப்பு இரட்டை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. காரணம், சென்னையில் கண்டுபிடித்த ஒரு விண்மீன்.

1863 மே மாதம், நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் விருச்சிகத்தில் புதிதாய் ஓர் ஒளியைக் கண்டார். விண்மீன் ஒளியை இன்றும் நாம் அளக்கும் படியை வகுத்தவர் இவரே. அந்த ஒளி சில நாளில் மங்கிவிட்டது. இன்று அதன் பெயர் யூ ஸ்கார்ப்பி. பலமுறை வெடித்திருக்கிறது, 1999, 2010, 2022 அண்மைக் கணக்கு.

அங்கே இருப்பது இரண்டு மீன்கள். எரிந்து முடிந்து சுருங்கிய மீனான வெள்ளைக் குள்ளன் ஒன்று பக்கத்து மீனின் வாயுவை இழுத்து, வட்டாகச் சுழலவிட்டு, தன்மேல் குவித்துக்கொள்கிறது. குவிந்தது ஒருநாள் பற்றி வெடிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 29½ மணி நேரம். ஒவ்வொரு சுற்றிலும் துணைமீன் குறுக்கே வர, ஒளி சரிகிறது. சரிவின் ஆழமும் நேரமும் மீன்களின் பருமனைச் சொல்லும். நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் நகர்வது வேகத்தைச் சொல்லும். 1999 வெடிப்பின் நிறமாலையை ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தில் எடுத்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் வானியலாளர் ஜி. சி. அனுபமா. வாயு நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சிதறியதை அந்தக் கோடுகளின் அகலமே காட்டியது.

இங்கே பிடிப்பது குள்ளன். பறிகொடுக்கும் துணைதான் அவனை மறைக்கிறது. 'மறைப்பு' என்றால் பாதிக் கதை போய்விடும். நிலவுக்குப் பொருந்தாத பழைய சொல் இந்த மீனுக்கு அப்படியே பொருந்துகிறது. பாடநூல் எழுதுவோரே, 'கிரகண இரட்டை' என்றே எழுதுங்கள்.

ஆனி மாத இரவில் கரிசல் காட்டில் நின்றால் தெற்கே சிவந்த கேட்டை தெரியும். அதற்கு வடக்கே, வெறுங்கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது போக்சன் கண்ட மீன்.