கட்டாயம் நீங்கிய பின் புரொபேட்: உயிலும் வாரிசுகளின் அறியும் உரிமையும்

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து 213ஆம் பிரிவை எடுத்துவிட்டது. சென்னையில் சொத்து வாங்கியவர்களும் விற்றவர்களும் அந்தப் பிரிவின் எண்ணை அறியாமலேயே அதற்குக் கட்டுப்பட்டு நடந்திருக்கிறார்கள். "உயில் வழியாக வந்த சொத்தா? புரொபேட் ஆகிவிட்டதா?" என்று, அதாவது உயில் மெய்யானதே என்று நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டதா என்று, வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்டது அந்தப் பிரிவினால்தான். அதன் நீக்கம் பரவலான நிம்மதியோடு வரவேற்கப்பட்டது. அந்த நிம்மதி நியாயமானதே. ஆனால் கட்டாயத்தை எடுத்தபோது, அதனோடு ஒட்டியிருந்த ஒரு பாதுகாப்பும் சேர்ந்து போய்விட்டது. உயில் ஒன்று இருக்கிறது என்பதைச் சட்டப்படியான வாரிசுகள் எல்லாருக்கும், சாட்சிகள் உயிரோடிருக்கும்போதே தெரிவித்தாக வேண்டிய நிலை அது. அதற்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் நீக்கத்தைச் சீர்திருத்தம் என்று அழைப்பது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நீக்கப்பட்ட பிரிவு சொன்னது இதுதான்: உயிலைச் செயல்படுத்த நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநர் என்ற முறையிலோ, உயிலின்படி சொத்துப் பெறுபவர் என்ற முறையிலோ ஒருவர் எந்த நீதிமன்றத்திலும் உரிமையை நிலைநாட்ட வேண்டுமானால், அந்த உயிலுக்குப் புரொபேட்டோ லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷனோ (சொத்தை நிர்வகிக்கும் அதிகார ஆணை) பெற்றிருக்க வேண்டும். உயிலில் நிறைவேற்றுநர் பெயர் குறிக்கப்பட்டிருந்தால் முதலாவது, இல்லாவிட்டால் இரண்டாவது. இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்களைப் பொறுத்தவரை இந்த விதி 57ஆம் பிரிவின் (அ), (ஆ) கூறுகளில் வரும் உயில்களுக்கு மட்டுமே பொருந்தியது. அதாவது பழைய வங்காள துணை ஆளுநரின் ஆட்சிப் பகுதியிலோ, சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் அசல் உரிமையியல் எல்லைக்குள்ளோ எழுதப்பட்ட உயில்கள், அல்லது அங்குள்ள அசையாச் சொத்தைப் பற்றிய உயில்கள்.

இதன் விளைவைக் கிட்டத்தில் பார்த்தால்தான் விதியின் விசித்திரம் புரியும். தஞ்சாவூரில் நன்செய் நிலம் வைத்திருக்கும் முதியவர் ஒருவர், அந்த நிலத்துக்கு மட்டும் தஞ்சாவூரிலேயே உயில் எழுதினால் புரொபேட் தேவைப்படவில்லை. அதே மனிதர் கண் அறுவைக்காக மயிலாப்பூரில் மகன் வீட்டில் தங்கியிருக்கும்போது, அதே நிலத்துக்கு, அதே வாசகத்தோடு உயில் எழுதிக் கையெழுத்திட்டால் தேவைப்பட்டது. நிலம் நகரவில்லை, எழுதியவரின் எண்ணம் மாறவில்லை, பேனா எடுத்த இடம் மட்டும் மாறியது. அவருடைய பிள்ளைகள் புரொபேட் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட வேண்டியதாயிற்று. இந்த வேறுபாட்டுக்கு இன்றைய வாழ்க்கையிலிருந்து எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. இங்கிலாந்தில் உயில்களை மெய்ப்பிக்கும் அதிகாரம் நெடுங்காலம் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. 1857ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை எடுத்துத் தனி நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. கம்பெனி ஆட்சியில் சென்னையில் அமைந்த சுப்ரீம் கோர்ட்டுக்கும் அந்தத் திருச்சபை அதிகாரம் வழங்கப்பட்டது. 1862இல் உயர் நீதிமன்றம் அதன் வாரிசாயிற்று. 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம், எழுத்து, கையொப்பம், இரண்டு சாட்சிகள், புரொபேட் ஆகிய விதிகளை இந்துக்களின் உயில்களுக்கு நீட்டியது. ஆனால் வங்காளத்துக்கும் இரண்டு மாகாணத் தலைநகரங்களுக்கும் மட்டும். அந்த எல்லைகளுக்கு வெளியே வாய்மொழி உயிலும் அதன் பின் பல பத்தாண்டுகள் செல்லுபடியாகவே இருந்தது. 1927 ஜனவரி 1 முதல்தான் எழுத்தும் சாட்சியும் எல்லா இந்து உயில்களுக்கும் கட்டாயமாயின. அப்போதும் புரொபேட் கட்டாயம் பழைய எல்லையிலேயே நின்றுவிட்டது.

மத அடிப்படையிலான வேறுபாடும் இருந்தது. இஸ்லாமியர்களுக்கு 213 பொருந்தவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கோ ஊர் வேறுபாடின்றிப் பொருந்தியது. அதை எதிர்த்த கிளாரன்ஸ் பாயஸ் வழக்கில், வேறுபாடு வரலாற்றுக் காரணங்களால் வந்தது என்று கூறி 2001இல் உச்ச நீதிமன்றம் பிரிவைச் செல்லும் என்றது. மறு ஆண்டே நாடாளுமன்றம் கிறிஸ்தவர்களுக்கு விலக்களித்தது. அன்றைக்கே மற்றவர்களுக்கும் விலக்களித்திருந்தால் 23 ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும். ஆகவே பிரிவை நீக்கியதில் குறையில்லை. அதைக் காப்பாற்ற இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

குறை இருப்பது, புரொபேட் என்றாலே தாமதமும் செலவும் மட்டும்தான் என்று எண்ணி அதன் வேலையை மறந்துபோவதில்தான். மனுவின் கட்டைப் பிரித்துப் பாருங்கள். அசல் உயில், இறப்புச் சான்றிதழ், சொத்துப் பட்டியல், இறந்தவரின் நெருங்கிய உறவினர்களின் பெயரும் வயதும் முகவரியும், அத்துடன் உயில் சாட்சி ஒருவரின் பிரமாணப் பத்திரம் அதில் இருக்கும். "அவர் என் முன்னிலையில் கையெழுத்திட்டார், நான் அவர் முன்னிலையில் கையெழுத்திட்டேன், அப்போது அவர் தெளிவான மனநிலையில் இருந்தார்" என்று அந்தச் சாட்சி சத்தியம் செய்கிறார். உறவினர்கள் சம்மதக் கடிதம் தர வேண்டும். தராதவர்களுக்கு 283ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தின் அறிவிப்பு போகும். நாளிதழிலும் விளம்பரம் வரும். எதிர்ப்பவர் கேவியட் எனும் எதிர்ப்பு மனுவைத் தாக்கல் செய்தால் மனு உரிமையியல் வழக்கின் வடிவம் பெற்றுவிடும். சென்னையில் ஓ.பி. (அசல் மனு) என்று தொடங்கியது டி.ஓ.எஸ். (உயில் தொடர்பான அசல் வழக்கு) ஆகிவிடும். தெரிவிக்கப்பட வேண்டியவருக்குத் தெரிவிக்காமல் பெற்ற புரொபேட்டை 263ஆம் பிரிவின்கீழ் ரத்து செய்யவும் கேட்கலாம்.

இந்தப் படிகளைத் தாண்டி வரும் ஆணைக்கு 273ஆம் பிரிவு கொடுக்கும் வலிமை சாதாரணமானதல்ல. வழக்கில் இல்லாதவர்களையும் அது கட்டுப்படுத்தும். வங்கி, கடன்காரர், சொத்தை வாங்குபவர் என யாரும் அதை நம்பி நடக்கலாம். சொத்து இறந்தவருடையதுதானா என்ற கேள்விக்குள் புரொபேட் நீதிமன்றம் போவதில்லை. இது இறந்தவரின் கடைசி உயில்தானா, தெளிந்த மனத்தோடு தன் விருப்பப்படி எழுதினாரா என்பதை மட்டும் பார்க்கிறது. அந்த ஒரு கேள்விக்கு ஊரறியக் கிடைக்கும் முடிவான விடைதான் புரொபேட்.

யாருக்கு இந்த விடை மிகவும் தேவைப்பட்டது? என் கணிப்பில், மகள்களுக்கு. தமிழ்நாடு 1989இல் தன் திருத்தத்தின் மூலமும், மத்திய அரசு 2005இலும், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான பிறப்புரிமையை வழங்கின. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, தன் பங்கை உயில் மூலம் விரும்பியவருக்குக் கொடுக்கும் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. ஆகவே ஒரு தந்தை தன் பங்கைப் பொறுத்தவரை மகளின் வாரிசுரிமையை இரண்டு பக்க உயிலால் இல்லாமல் செய்துவிட முடியும். அது அவர் உரிமை, அதை மறுக்கவில்லை. ஆனால் "பெண்ணுக்குக் கல்யாணத்தில் போட்டாயிற்று" என்ற ஒரு வரியோடு வரும் உயில் உண்மையிலேயே அவர் எழுதியதுதானா என்று கேட்கும் உரிமை மகளுக்கு உண்டு. கேட்க வேண்டுமானால் முதலில் உயில் இருப்பது தெரிய வேண்டும். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு நீதிமன்றத்தின் அறிவிப்பு தபாலில் வருவதும், நான்கைந்து வருடம் கழித்து வீடு கைமாறியது உறவினர் ஒருவர் வாய்வழியாகத் தெரிய வருவதும் ஒன்றல்ல. தமிழ்நாட்டின் இந்துக் குடும்பங்களுக்கு இந்தப் பாதுகாப்பு சென்னை எல்லைக்கு வெளியே பெரும்பாலும் இருந்ததில்லை என்பது உண்மை. அந்த உண்மை, பாதுகாப்பை எல்லாருக்கும் விரிப்பதற்கான காரணமாகவே எனக்குத் தோன்றுகிறது.

புரொபேட் இல்லாத இடத்தில் உயிலைச் சோதிப்பவர் யார்? பட்டா மாற்றும் தாசில்தார், பத்திரம் பதியும் சார் பதிவாளர், கணக்கை விடுவிக்கும் வங்கி மேலாளர். உயிலின் மெய்ம்மையைத் தீர்மானிக்கும் அதிகாரமும் பயிற்சியும் இவர்களுக்கு இல்லை. கேள்வி தீராமல் தள்ளிப்போகிறது. பிறகு ஒரு நாள் பாகப்பிரிவினை வழக்கில் அதே உயில் சான்றாவணமாக முன்வைக்கப்படும். அப்போது உயில் சாட்சிகளில் ஒருவராவது உயிரோடிருந்து கூண்டில் ஏறக்கூடியவராக இருந்தால், அவரை விசாரித்தே உயிலை மெய்ப்பிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவு சொன்னதையே 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் 67ஆம் பிரிவில் சொல்கிறது. 1998இல் எழுதிய உயில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாட்சி குடும்ப மருத்துவர், மற்றவர் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர். எழுதியவரின் வயதையொட்டியவர்களாகவே அவர்களும் இருந்திருக்கலாம். இருவரும் போன பிறகு, கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேடுவதுதான் மிச்சம். கையெழுத்தை அடையாளம் காட்டலாம். அன்று அந்த அறையில் யார் இருந்தார்கள், முதியவர் வாசகத்தைப் படித்துப் பார்த்தாரா என்பதை யார் சொல்வது?

இந்தக் கேள்விகள்தான் உயில் வழக்கின் உயிர். 1959இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு இன்றும் ஒவ்வொரு உயில் வழக்கிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. நடுங்கிய கையெழுத்து, தளர்ந்த மனநிலை, இயல்புக்கு மாறான பங்கீடு, உயிலால் பெரும் பலன் பெறுபவரே அதை எழுதுவதில் முன்னின்றது போன்ற ஐயங்கள் எழுந்தால், அவற்றை நீக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்று அது நிறுவியது. உயில் உண்மையானதாக இருந்தும், சாட்சிகள் மறைந்ததால் அந்த ஐயத்தை நீக்க முடியாமல் தோற்பவர்களும் உண்டு. தாமதம் பொய்யான உயிலுக்கு உதவும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். உண்மையான உயிலையும் அது கொல்லும்.

"உயிலைப் பதிவு செய்திருக்கிறோமே" என்று பலர் நிம்மதியாக இருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவது விருப்பத்துக்குரியது, பதிந்தால் நல்லதுதான். ஆனால் பதிவு, சாட்சியை விசாரிக்கும் தேவையை நீக்குவதில்லை.

எதிர்வாதம் வலுவானது. புரொபேட் நீதிமன்றமே தாமதத்தின் இருப்பிடம் அல்லவா? தொழிலதிபர் பிரியம்வதா பிர்லா 1999இல் எழுதிய உயில், அவர் 2004இல் இறந்ததும் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன்படி சொத்தைப் பெறவிருந்த ராஜேந்திர சிங் லோதா 2008இல் இறந்த பிறகும் வழக்கு நீண்டது. யார் கேவியட் போடலாம் என்ற கேள்விக்கு மட்டுமே உச்ச நீதிமன்றம் 2008இல் நீண்ட தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஆனால் அது பெருஞ்செல்வத்தைப் பற்றிய பகை. கட்டாயம் இல்லாவிட்டாலும் வேறொரு நீதிமன்றத்தில் வெடித்திருக்கும். நம் கவலை, சகோதர சகோதரிகள் நால்வரும் சம்மதித்தும் உயர் நீதிமன்றத்தின் வரிசையில் நின்ற குடும்பங்களைப் பற்றியது. அவர்களுக்கு நேர்ந்தது அநீதி. மறுப்பே இல்லாத மனுவையும் வழக்கைப் போலவே நடத்திய அமைப்பிலிருந்து வந்த அநீதி அது. இங்கிலாந்தில் எதிர்ப்பில்லாத புரொபேட்டுகளைப் பதிவகமே வழங்குகிறது. தகராறு வந்தால் மட்டுமே நீதிபதி முன் போகிறது. புரொபேட்டை நமக்குக் கற்றுக்கொடுத்த நாடு அதை எளிதாக்கிக்கொண்டது. நாமோ கடினமாகவே வைத்திருந்து, கடைசியில் கட்டாயத்தை மட்டும் கழற்றிவிட்டோம்.

புரொபேட் பெறும் வழி இன்றும் திறந்தே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றங்களிலும் எந்த உயிலின் நிறைவேற்றுநரும் விரும்பினால் கேட்கலாம். வேறு வாரிசுகள் உள்ள எந்தக் குடும்பத்திலும் நிறைவேற்றுநர் காலந்தாழ்த்தாமல் கேட்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. காலக்கெடுவும் உண்டு. காலவரையறைச் சட்டத்தின் 137ஆம் இனம் புரொபேட் மனுவுக்கும் பொருந்தும் என்று 2008இல் குன்வர்ஜீத் சிங் கந்த்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுச் செய்யும் உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். அந்த நாள் இறந்த நாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்றாலும், தாமதமே ஐயத்துக்கு இடம் கொடுத்துவிடும்.

விருப்பத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஏமாற்ற நினைப்பவர் விரும்பிப் புரொபேட் கேட்கப் போவதில்லை. ஆகவே இரண்டு மாற்றங்களை முன்வைக்கிறேன். முதலாவது, எல்லா வாரிசுகளும் சம்மதித்த மனுக்களை மாவட்ட அளவில் நீதித்துறைப் பதிவாளரே, ஆவணங்களையும் சாட்சியின் பிரமாணப் பத்திரத்தையும் பார்த்து, குறித்த கெடுவுக்குள் முடிக்கும் அதிகாரம் வேண்டும். இரண்டாவது மாநில அரசே செய்யக்கூடியது. பட்டா மாற்றத்தில் சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற கொள்கை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் சம்பந்தப்பட்டவர் யார் என்பது விண்ணப்பதாரர் கொடுக்கும் தாள்களிலிருந்தே தெரிகிறது. உயிலைக் காட்டிப் பட்டா கேட்பவரிடம் வாரிசுச் சான்றிதழையும் கேட்க வேண்டும். உயிலால் வாரிசுகள் விலக்கப்பட்டிருந்தாலும் சரி, அந்தச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும், குறிப்பாக மணமாகிப் போன மகள்களுக்கு, உயிலின் நகலோடு தாசில்தார் அலுவலகத்திலிருந்து விரைவுத் தபால் போக வேண்டும். மறுப்பு வந்தால் தாசில்தார் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. பட்டாவை நிறுத்திவைத்து, இரு தரப்பையும் புரொபேட் நீதிமன்றத்துக்கு அனுப்பினால் போதும்.