15வது இடம்

லின்ட்சி வேன். பேரைப் பாத்துட்டு மலைச்சரிவுல சறுக்குற லின்ட்சி வான்னு நினைச்சிடாதீங்க மக்களே. இவங்க வேற. இவங்க ஆடுறது ஸ்கி ஜம்பிங், அதாவது பனிமேட்டுல வேகமா சறுக்கி வந்து அப்படியே அந்தரத்துல பறக்குறது.

ஆண்களுக்கு இந்தப் போட்டி 1924 ஒலிம்பிக்லயே வந்தாச்சு. பெண்களுக்கு? மருத்துவ ரீதியா இது அவங்களுக்குச் சரிப்படாதுன்னு 2005ல சொன்னவர், சர்வதேச ஸ்கி சம்மேளனத்தோட தலைவரேதான்!

2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்குக் கட்டின சின்ன மேட்டுல, அந்தப் போட்டிகளுக்கு முன்னாடியே 105.5 மீட்டர் பறந்து சாதனை வெச்சிருந்தாங்க அமெரிக்காக்காரரான லின்ட்சி. ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். 2009ல பெண்களுக்கான முதல் உலக சாம்பியன் பட்டமும் இவங்களுக்கே.

ஆனாலும் ஒலிம்பிக்ல இடம் கிடையாது. சக வீராங்கனைகளோட கனடா கோர்ட்டுக்குப் போனாங்க. இது பாரபட்சம்தான், ஆனா முடிவெடுத்தது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, அதனால எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கைவிரிச்சுட்டாங்க. அதே மேட்டுல ஆண்கள் மட்டும் குதிச்சாங்க.

2014 சோச்சியில ஒருவழியா கதவு திறந்துச்சு. தங்கம் ஜெர்மனியின் கரினா வோக்ட்டுக்கு. 29 வயசு லின்ட்சிக்கு 15வது இடம். அடுத்த வருஷமே ஓய்வு.

பதக்கப் பட்டியல்ல தேடினா இவங்க பேரு இருக்காதுங்க. ஆனா அப்படி ஒரு பட்டியல் இருக்குதுன்னா, அதுக்காக மல்லுக்கட்டினவங்கள்ல இவங்களும் ஒருத்தர்.