வாசலில் கட்டிய வேப்பிலை

தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு 2020 பிப்ரவரி 5ஆம் தேதி நடந்தது. இருபத்து மூன்று வருடம் கழித்து நடந்த குடமுழுக்கு. 1997இல் யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன ஞாபகம் ஊரில் இன்னும் ஆறாமல் இருந்ததால், எல்லோருடைய பயமும் நெருப்பின் மேல்தான் இருந்தது. சண்டை, மந்திரம் தமிழிலா சமஸ்கிருதத்திலா என்பதில். அது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரைக்கும் போய், இரண்டிலும் நடத்தலாம் என்று முடிந்தது. லட்சக்கணக்கில் சனம். திருக்காட்டுப்பள்ளியில் இருந்தும் பஸ் பஸ்ஸாகப் போனார்கள்.

அதற்கு ஆறு நாள் முன்னால்தான், ஜனவரி 30ஆம் தேதி, வூகானில் இருந்து திருச்சூருக்குத் திரும்பிய ஒரு மாணவிக்குத் தொற்று உறுதியானது. இந்தியாவின் முதல் கொரோனா. அந்தச் செய்தியை எல்லோரும் படித்தோம், பார்த்தோம், ஃபார்வர்டு செய்தோம். திருச்சூருக்கும் தஞ்சாவூருக்கும் ஒரு ராத்திரிப் பயணம்தான். ஆனாலும் அந்தச் செய்தியையும் அந்தக் கூட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

புது நோய் வந்ததும் சனங்கள் பயந்து ஓடுவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. முதலில் வருவது சிரிப்பு. பிப்ரவரி முழுக்க அதுதான் ஓடியது: வௌவால் சூப் மீம், ரசம் குடித்தால் வராது, எங்க ஊரு வெயிலுக்குத் தாங்காது. சிரிப்புக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப் பார்க்கும், அது போய் ஏதாவது ஒரு அப்பாவிப் பொருளின் மேல் விழும். இந்த முறை கோழி. கோழி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தியில் நாமக்கல்லில் முட்டை விலை விழுந்தது. ஹைதராபாத்தில் அமைச்சர்கள் மேடையில் நின்று கோழி வறுவல் தின்று காட்டினார்கள். தமிழ்நாட்டின் முதல் தொற்று மார்ச் 7இல் உறுதியானது, ஓமனில் இருந்து வந்த காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்கு. பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. மார்ச் 17இல் தொல்லியல் துறையின் கீழிருந்த சின்னங்களை மூடச் சொல்லிவிட்டார்கள். ஆறு வாரம் முன்னால் லட்சம் பேர் நின்ற பெரிய கோயில் வாசலில் பூட்டு. மார்ச் 24 மாலை ஆறு மணியிலிருந்து மாநிலம் முழுக்க 144. அன்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து நாட்டையே மூடினார்.

எங்கள் பக்கம் அதற்கு அடுத்து என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டும். காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவில் இருக்கிற தெருக்களில், யாரும் சொல்லாமலே, அண்டா அண்டாவாக மஞ்சள் தண்ணீர் கரைத்தார்கள். வேப்பிலைக் கொத்தால் வாசல் வாசலாகத் தெளித்தார்கள். தெருமுனையில் கயிறு கட்டி வேப்பிலைத் தோரணம். சில ஊர்களில் எல்லையில் மூங்கிலைக் குறுக்கே கட்டி, கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, வெளியாட்கள் வரக்கூடாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். டெல்டாவில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இதே காட்சிதான். சிரித்தவர்கள் உண்டு. இதில் அறிவியல் இருக்கிறது, மஞ்சள் கிருமிநாசினி என்று உடனே கிளம்பியவர்களும் உண்டு. இரண்டு பேருமே விஷயத்தை விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சனங்கள் மருந்து தெளிக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த ஒரே கொள்ளைநோயின் நடைமுறையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அது அம்மையின் நடைமுறை.

அம்மை கண்ட வீட்டில் என்னென்ன செய்வார்கள் என்று இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. நிலையில் வேப்பிலை செருகுவார்கள். தாளிக்க மாட்டார்கள், கறி மீன் கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது. வீட்டை விட்டு யாரும் விசேஷத்துக்குப் போகக் கூடாது, வெளியில் இருந்தும் யாரும் வரக் கூடாது. படுத்திருப்பவரைத் தனியாக, வேப்பிலை மேல் போடுவார்கள். மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரை இப்படித்தான். அப்பட்டமான குவாரண்டைன். ஆனால் அதன் மொழி வேறு. கொப்புளத்துக்குப் பெயர் முத்து. நோய் 'வந்திருக்கிறது' என்று சொல்ல மாட்டார்கள், 'அம்மா வார்த்திருக்கா' என்பார்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் புன்னைநல்லூர் மாரியம்மன் புற்றுமண்ணில் ஆனவள், அதனால் அவளுக்குத் தைலக்காப்புதான். கோடையில் அவள் முகத்தில் முத்து முத்தாக வியர்க்கும் என்பார்கள். ஊருக்கு வந்த நோய் அவள் முகத்திலும் இருக்கிறது. துளஜா மன்னரின் மகள் நோயில் பார்வை இழந்து, அங்கே வேண்டிக்கொண்டு திரும்பப் பெற்றாள் என்று தலபுராணம் சொல்கிறது. அரண்மனைக்கும் குடிசைக்கும் ஒரே வாசல்.

இதைக் கேட்டவுடன் உருக வேண்டாம். பெரியம்மை கண்டவர்களில் பத்தில் மூன்று பேர்வரை செத்தார்கள். பிழைத்தவர்கள் பலர் முகம் முழுக்கத் தழும்போடு, சிலர் கண்ணில்லாமல் வாழ்ந்தார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்ற அதே பேச்சுதான் அம்மை குத்த வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தவும் செய்தது. 1974, 75இல் நோயை ஒழிக்கும் கடைசிக் கட்டத்தில், அம்மை கண்ட வீட்டைக் காட்டிக் கொடுத்தால் பரிசு என்று இந்தியா முழுக்க அறிவிக்க வேண்டியிருந்தது. பரிசுத் தொகை கடைசியில் ஆயிரம் ரூபாய் வரை போனது. அந்தக் காலத்து ஆயிரம் ரூபாய். அவ்வளவு தூரம் மறைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆனாலும் ஒன்று. வேப்பிலையை வீட்டுக்காரர்களே கட்டினார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களுக்குச் சொன்ன சேதி அது.

வெளியே இருந்து வந்து வாசலில் அடையாளம் போடுவது பிளேக்கோடு வந்த வழக்கம். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. நாலே நாலு பிரிவு. அதை வைத்துக்கொண்டு அரசாங்கம் யார் வீட்டுக்குள்ளும் நுழையலாம், யாரையும் ரயிலில் இருந்து இறக்கிச் சோதிக்கலாம் என்றானது. பம்பாயில் பிளேக் கண்ட வீடுகளின் சுவரில் வட்டம் போட்டுத் தேதி எழுதினார்கள். பூனாவில் வீடு வீடாகச் சோதனை போட்டதில் சனங்களுக்கு மூண்ட கோபம், அந்த ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதில் போய் முடிந்தது. சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் என்று ஒன்று இருந்தது. நோய் உள்ள பகுதியில் இருந்து வந்தவர் அதை வாங்கிக்கொண்டு, போன ஊரில் பத்து நாள் அதிகாரியிடம் போய் முகத்தைக் காட்ட வேண்டும். இ-பாஸின் கொள்ளுத்தாத்தா. 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு கொரோனாவுக்காகக் கையில் எடுத்ததும் அதே 1897ஆம் வருடச் சட்டம்தான்.

பிளேக்குக்கும் சனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. புது நோயைப் பழைய அம்மாவிடம் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார்கள்.

இங்கேதான் 1918 என்னைத் தொந்தரவு செய்கிறது. கொரோனாவை எதனுடனாவது ஒப்பிட வேண்டுமென்றால் அம்மையோடு அல்ல, அந்த வருட இன்ஃபுளுயன்சாவோடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் கப்பலில் வந்தது, ஜூனில் பம்பாய் துறைமுகத்தில் இறங்கியது, ரயில் போன வழியெல்லாம் போனது. செப்டம்பரில் இரண்டாவது முறை கிளம்பியபோது கொன்று குவித்தது. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, செத்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டது. அதைவிட அதிகம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். கணக்கெடுக்கத் தொடங்கிய நாளில் இருந்து இந்தியாவின் மக்கள்தொகை குறைந்தது அந்த ஒரு பத்தாண்டில்தான். சென்னை மாகாணத்துக்கு அடி பம்பாயைவிடக் குறைவு, ஆனால் அடிதான். அந்த வருடம் மழையும் பொய்த்தது, யுத்தத்தால் விலைவாசியும் ஏறியிருந்தது. செப்டம்பரில் சென்னை உட்படப் பல ஊர்களில் சனங்கள் அரிசிக் கடைகளைச் சூறையாடினார்கள்.

இவ்வளவும் நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து இன்ஃபுளுயன்சா மாரியம்மன் எங்கேயும் இல்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் பெரியம்மை தெரியும், காலரா தெரியும், 1952 புயல் தெரியும். 1918 தெரியாது. அவர்களுடைய அப்பா அம்மா சொல்லியும் கேட்டதில்லை. ஏன் என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு காரணம் வேகமாக இருக்கலாம், பெரும்பாலான சாவுகள் மூன்று நான்கு மாதத்துக்குள் முடிந்துவிட்டன. இன்னொன்று, அது உடம்பில் அடையாளம் போடவில்லை. முத்து இல்லை, நெறி இல்லை, தழும்பு இல்லை. சாதாரணக் காய்ச்சல் போல வந்து கொன்றுவிட்டுப் போனது. எந்த வீட்டில் வேப்பிலை கட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்று தெரியாத ஒரு நோய்க்குச் சடங்கு செய்ய முடியாது. சடங்கு இல்லாததால் கதையும் இல்லை. நூறு வருடம் கழித்து அதன் பங்காளி வந்தபோது எங்களிடம் அம்மையின் பாடம்தான் இருந்தது. அதில் நோய் கண்ணுக்குத் தெரியும். இதில் தெரியவில்லை. அப்போது சனங்கள் என்ன செய்வார்கள்? தெரிகிற ஆளைத் தேடுவார்கள்.

மார்ச் 31க்கு அப்புறம் அந்த ஆள் கிடைத்தார். டெல்லி மாநாட்டுக்குப் போய்வந்த முஸ்லிம்கள். முன்வந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அரசு கேட்டது, நிறையப் பேர் தாங்களாகவே வந்தார்கள். இதற்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சொன்னார். தினசரி அறிக்கையில் மாநாட்டின் பெயரை எடுத்துவிட்டு, ஒரே இடத்தில் இருந்து பரவியது என்று பொதுவாகப் போடத் தொடங்கினார்கள். அதற்குள் வாட்ஸப் தன் வேலையை முடித்துவிட்டது. அடுத்து மருத்துவர்கள். ஏப்ரல் 19ஆம் தேதி சென்னையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் புதைக்க விடாமல் கூட்டம் கூடியது. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அவருடைய சக மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளி மூடினார். ஒரு வாரத்தில் அரசு அவசரச் சட்டம் போட்டது, அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருடம் வரை சிறை என்று. பெரியம்மையில் போனவரை, அம்மா இருக்கிற உடம்பு என்று எரிக்காமல் புதைக்கிற வழக்கம் பல சாதிகளில் இருந்தது. பயம் அன்றும் இருந்தது. பயந்துகொண்டே புதைத்தார்கள்.

மே மாதம் அந்த ஆள் நான்.

கோயம்பேடு சந்தையில் பரவி, மே 5இல் அதை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கப் போனவர்கள் ஊருக்குத் திரும்ப, கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூரில் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. 'மெட்ராஸ்ல இருந்து வந்தவன்' என்பது கெட்ட வார்த்தை ஆனது. அந்த மே கடைசியில்தான் இ-பாஸ் வாங்கிக்கொண்டு நான் ஊருக்கு வந்தேன். விதைகள் போடுகிற வயதில் இருந்து பார்த்த தெரு. திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். மறுநாள் காலையில் சுகாதாரப் பணியாளர்கள் வந்து, தணிந்த குரலில் விசாரித்து, நிலைக்குப் பக்கத்துச் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதீர். பெயர், ஆள் எண்ணிக்கை, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அந்த வெயிலில் அவர்களும்தான் அலைந்தார்கள்.

அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. "என்னய்யா அது?" என்றாள்.

"வீட்டுக்குள்ள யாரும் வரக்கூடாதுன்னு போட்டுருக்கு அப்பாயி."

"அத ஏன் அவன் ஒட்டுறான்? நம்ம வீட்டுல இருக்குறத நம்மல்ல சொல்லணும்."

கொல்லையில் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து நிலையில் செருகினாள். எனக்குக் காய்ச்சல்கூட இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்றுவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு இல்லை. பதினாலு நாள் மோரும் வெங்காயமும். எதிர்வீட்டுச் சித்தி முதல் மூன்று நாள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாலாம் நாள் தெருவில் நின்றபடியே, "அத்தே, எளநி வெட்டி வச்சுருக்கேன், எடுத்துக்கங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். வேப்பிலையைப் பார்த்துத்தான் வந்தாளா, மூன்று நாளில் பயம் தெளிந்ததா, தெரியாது. அந்தத் தெருவின் கடைசி வீட்டில் இருந்து கடைசிவரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த டிசம்பர் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் வீடுகளில் இப்படி ஒட்டக் கூடாது என்றது. அப்படி ஒட்டச் சொல்லி நாங்கள் உத்தரவிடவே இல்லை என்று அதே வழக்கில் மத்திய அரசு சொன்னது. படித்தபோது சிரிப்புதான் வந்தது.

கெடு முடிந்ததும் அப்பாயி வேப்பிலையை எடுத்தாள். ஆற்றில் விட வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் குடமுருட்டியில் மணல்தான். காய்ந்த சருகை மஞ்சள் துணியில் முடிந்து மாடத்தில் வைத்தாள். அந்த வருடம் எட்டு வருடத்துக்குப் பிறகு மேட்டூரை ஜூன் 12ஆம் தேதியே திறந்தார்கள். 16இல் கல்லணை திறந்தது. தண்ணீர் வந்துவிட்டதென்று கேள்விப்பட்டதும், முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு, முடிச்சை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனாள். நுரையும் குப்பையுமாக முதல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் எங்களைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர், ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டு வந்தோம்.

ஸ்டிக்கரைத்தான் எடுக்க முடியவில்லை. சுரண்டியதில் சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்தது. 'வரை' என்ற வார்த்தை மட்டும் சுவரில் நின்றது.