மல்லாட்டை ஏலமும் மார்க்கெட்டிங் வகுப்பும்: கீழ்பென்னாத்தூரை முன்வைத்து நேர்வாய்வுக் கற்பித்தல்

முன்னுரை

வணிகவியலும் வணிக மேலாண்மையும் பயிலும் மாணவர்கள் படிப்பை முடிக்கும் முன் ஒரு ‘புராஜெக்ட்’ எழுதுவது வழக்கம். அதன் வடிவம் துறையினர் அனைவருக்கும் பழகிப்போனது. பெயர்பெற்ற ஒரு நிறுவனம், நுகர்வோர் மனநிறைவு பற்றிய ஒரு வினாப்பட்டியல், நூறு பேரின் பதில்கள், சதவீத அட்டவணைகள், இறுதியில் சில பரிந்துரைகள். அந்த அறிக்கை பெரும்பாலும் துறை அலமாரிக்குப் போய்ச் சேர்கிறது. அதை எழுதிய மாணவர், விற்பவர் ஒருவர் இக்கட்டில் நின்று முடிவெடுப்பதை ஒருமுறைகூட அருகிருந்து பார்க்காமலே பட்டம் பெற்றுவிடலாம். கேஸ் ஸ்டடி என்று வகுப்பறையில் வழங்கும் நேர்வாய்வும் இதற்கு மருந்தாகவில்லை. எங்கோ எழுதப்பட்ட நேர்வு, எங்கோ எழுதப்பட்ட விடைக்குறிப்போடு வந்து சேர்கிறது.

சிறுநகரக் கல்லூரிகளில் நேர்வுகளைப் படிப்பதோடு நிறுத்தாமல், தங்கள் வட்டாரச் சந்தையிலிருந்து மாணவர்களே நேர்வுகளை எழுத வேண்டும். அந்த எழுத்தே அவர்களுடைய புராஜெக்டாக மதிப்பிடப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரின் விளைபொருள் வணிகம் இங்கே சான்றாகிறது.

நேர்வு முறையின் தோற்றம்

நேர்வுகளைக் கொண்டு கற்பிக்கும் முறையை 1870-இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் கிறிஸ்டோபர் லாங்டெல் நடைமுறைப்படுத்தினார். சட்டத்துக்குத் தீர்ப்புகள் அச்சில் ஆயத்தமாக இருந்தன. வணிகத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இல் தொடங்கப்பட்டது. 1911-இல் அங்கு அமைந்த வணிக ஆய்வுப் பிரிவு முதலில் எடுத்துக்கொண்டது காலணிச் சில்லறை வணிகத்தை. கடைக்காரர்களின் செலவுக் கணக்கிலிருந்துதான் அங்கே ஆய்வு தொடங்கியது. 1919-இல் அப்பள்ளியின் தலைவரான வாலஸ் டோன்ஹாம் சட்டம் படித்தவர். மார்க்கெட்டிங் பாடநூல் எழுத முனைந்திருந்த மெல்வின் கோப்லேண்டை, அதை நடைமுறைச் சிக்கல்களின் தொகுப்பாக மாற்றும்படி அவர் தூண்டினார். 1920-இல் வெளிவந்த அந்நூலே வணிகத் துறையின் முதல் நேர்வுத் தொகுப்பாகக் கருதப்படுகிறது.

இந்த வரலாறு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. வணிகக் கல்வியில் நேர்வு முறை முதலில் காலூன்றிய பாடம் மார்க்கெட்டிங். அதைத் தொடங்கியவர்கள் ஆயத்த நேர்வுகளுக்காகக் காத்திராமல் கடைகளுக்குச் சென்று தகவல் திரட்டினார்கள். ஹார்வர்டின் ஒத்துழைப்போடு 1961-இல் தொடங்கிய அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகமும் இந்திய நிறுவனங்களைப் பற்றித் தானே நேர்வுகளை எழுதியே வளர்ந்தது. மாவட்டக் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்ததோ அச்சிட்ட நேர்வுகள் மட்டுமே. அவற்றை எழுதும் பயிற்சி வழியிலேயே நின்றுவிட்டது.

கீழ்பென்னாத்தூர்: முடிவெடுப்பவர் யார்?

நல்ல நேர்வின் நடுவே முடிவெடுக்க வேண்டிய ஒருவர் நிற்க வேண்டும். இந்த வட்டாரத்தில் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மல்லாட்டை (நிலக்கடலை) அறுவடை செய்து காயவைத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். களத்துமேட்டுக்கே வரும் வியாபாரியிடம் விற்றால் கைமேல் காசு. வண்டி வாடகை இல்லை. கமிஷன் மண்டிக்குக் கொண்டுபோனால் பழகிய முகம். அவசரத்துக்கு முன்பணம் கொடுத்தவரும் அந்த மண்டிக்காரராகவே இருக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம்: ஒவ்வொரு குவியலுக்கும் வியாபாரிகள் தனித்தனியே விலை எழுதித் தருவார்கள், அவற்றில் உயர்ந்த விலையும் கட்டுப்படியாகவில்லை என்றால் விவசாயி மறுத்துவிடலாம். சந்தைக் கட்டணத்தைச் செலுத்துவது வியாபாரி. விற்க மனமில்லையென்றால் கிடங்கில் இருப்பு வைத்து, அதன்மேல் பொருளீட்டுக் கடன் பெறவும் வழி உண்டு. செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்பது இன்னொரு வழி. நெல்லாக இருந்தால், குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையமும் சேர்ந்துகொள்கிறது.

இந்த வழிகளுக்குப் பின்னால் நீண்ட நிறுவன வரலாறு இருக்கிறது. 1933-ஆம் ஆண்டின் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டத்தின்கீழ் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக அமைந்தது. இன்றைய கூடங்கள் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகின்றன. இடைத்தரகர் இன்றி விவசாயியே நுகர்வோருக்குக் காய்கறி விற்கும் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது. 2016-இல் மின்னணு தேசிய வேளாண் சந்தை வந்தது. விற்பனை வழிகள் பற்றிய பாடத்துக்கு வேண்டிய அத்தனையும் மாணவர் ஏறிவரும் பேருந்துத் தடத்திலேயே கிடைக்கின்றன.

கோட்பாட்டைச் சோதிக்கும் களம்

பொருள், விலை, இடம், விளம்பரம் என்னும் நான்கு கூறுகளை ஜெரோம் மெக்கார்த்தி 1960-இல் முன்வைத்தார். இந்த நான்கும் விற்பவரின் கையில் இருப்பதாக அந்தச் சட்டகம் கொள்கிறது. மல்லாட்டை விவசாயியோ விலையை நிர்ணயிப்பதில்லை. விலையை ஏற்கிறார் அல்லது மறுக்கிறார். அவர் கையில் இருப்பவை எங்கே விற்பது, எப்போது விற்பது என்னும் இரண்டும்தான். ஆகவே அவருக்கு விலை முடிவு என்பது இடத்தையும் காலத்தையும் பற்றிய முடிவாக உருமாறுகிறது. காத்திருக்கும் வலிமையைத் தருவது கடன் வசதி. முன்பணம் வாங்கியவர் காத்திருக்க முடியாது. பொருளீட்டுக் கடன் பெற்றவர் முடியும். நான்கு கூறுகளில் எதிலும் நேரடியாக அடங்காத கடன், இங்கே சந்தைப்படுத்தலின் அச்சாணியாக இருக்கிறது. இதைப் பாடநூலில் வாசிப்பதைவிட, ஒரு விவசாயியின் கணக்கிலிருந்து கண்டெடுக்கும் மாணவர் கோட்பாட்டின் ஆற்றலையும் எல்லையையும் சேர்த்தே அறிகிறார்.

தேவை மதிப்பீட்டுக்கும் இப்படி ஒரு நேர்வு அருகிலேயே உண்டு. பௌர்ணமிக் கிரிவலமும் கார்த்திகை தீபமும் திருவண்ணாமலையின் பூ, பழ, உணவு வணிகத்தைத் தூக்கி நிறுத்துகின்றன. நாள் முன்கூட்டியே தெரியும். வரும் கூட்டத்தின் அளவு தெரியாது. மறுநாள் வாடிவிடும் பூவை எவ்வளவு வாங்கி வைப்பது என்று கடைக்காரர் முதல்நாளே தீர்மானித்தாக வேண்டும். நிச்சயமின்மையின் கீழ் முடிவெடுத்தல் என்ற பாடம் இதுதான்.

வெற்றிக் கதைகளின் குறையையும் வட்டார நேர்வு ஈடுசெய்யும். கடலூரில் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சி. கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு, காலிப் பாக்கெட்டுகளைக் கொடுத்துப் புதியதைப் பெறும் திட்டத்தால் கிராமச் சந்தையைப் பிடித்தது. கற்பிக்கத் தகுந்த நேர்வுதான் அது. ஆனால் முடிவு தெரிந்த பிறகு படிக்கும்போது எடுத்த ஒவ்வொரு அடியும் சரியானதாகவே தோன்றும். விளைவு இன்னும் தெரியாத நிலையில், குழம்பி நிற்கும் ஒருவரின் பக்கத்தில் நிற்கும்போதுதான் மாணவரின் தீர்ப்புத்திறன் பயிற்சி பெறுகிறது.

புராஜெக்டின் வடிவம்

நான்கைந்து மாணவர் கொண்ட குழு ஒரு விற்பனையாளரின் ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளட்டும். முதல் பகுதியில் அந்த நாளில் அவருக்குத் தெரிந்திருந்தவை மட்டும் இடம்பெற வேண்டும்: இருப்பின் அளவு, ஈரப்பதம், அன்றைய விலைகள், வண்டி வாடகை, கடன் தவணை, வீட்டுத் தேவை. அவர் என்ன செய்தார், என்ன கிடைத்தது என்பவை தனியே இரண்டாம் பகுதியில் வைக்கப்படும். அந்த நேர்வை எழுதாத மற்றக் குழுக்கள் முதல் பகுதியை மட்டும் படித்து, எண்களோடு தங்கள் முடிவை வாதிட்ட பிறகே இரண்டாம் பகுதி திறக்கப்படும். மதிப்பெண்ணில் பாதியேனும் தகவல் திரட்டிய நேர்மைக்கும் நேர்வு எழுதிய தெளிவுக்கும் போக வேண்டும். விவசாயி சொன்னதைவிடக் கூடுதல் விலை வாங்கிக்காட்டிய ‘விடை’க்கு மதிப்பெண் குவிந்தால், மாணவர் தகவலை வளைக்கத் தொடங்கிவிடுவார்.

நேர்வு தமிழில் எழுதப்பட வேண்டும். தகவல் தந்தவருக்கு அதை வாசித்துக்காட்டி, பிழை திருத்தி, இசைவு பெற்ற பிறகே வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். பெயரும் ஊரும் மாற்றப்பட வேண்டும்; ஒருவரின் கடன் விவரம் வகுப்பறைப் பேச்சாகி, நாளை அவர் மண்டியில் பேரம் பேசும் வலிமையைக் குறைத்துவிடக் கூடாது.

மறுப்புகளும் விடைகளும்

ஒரே ஊரின் நேர்விலிருந்து பொது முடிவுக்கு வரமுடியாது என்பது முதல் மறுப்பு. நேர்வாய்வு பற்றி ராபர்ட் யின் 1984-இல் எழுதிய நூல் இதற்கு விடை தருகிறது: மாதிரிக் கணக்கெடுப்பு மக்கள்தொகையை நோக்கிப் பொதுமைப்படுத்துகிறது, நேர்வு கோட்பாட்டை நோக்கிப் பொதுமைப்படுத்துகிறது. கீழ்பென்னாத்தூர் விவசாயி தமிழ்நாட்டு விவசாயிகள் அனைவருக்கும் பிரதிநிதி ஆகமாட்டார். ஆனால் கடன் சேர்ந்தால் விற்பனை வழித் தேர்வு மாறும் என்ற கருத்தை அவருடைய நேர்வு சோதிக்கும்.

மாணவர் எழுத்து தரமாக இராது என்பது இரண்டாவது மறுப்பு. முதல் ஆண்டில் இராதுதான். ஆனால் குறையுள்ள நேர்வும் அடுத்த ஆண்டு மாணவர் சரிபார்த்து விரிக்க வேண்டிய மூலப்பொருளாகிறது. வழக்கமான புராஜெக்ட் அறிக்கைக்கு இப்படி ஒரு தொடர்ச்சி இல்லை.

நிறுவன வேலைக்குச் செல்லும் மாணவருக்கு மல்லாட்டை எதற்கு என்ற மூன்றாவது மறுப்பே அடிக்கடி எழுவது. விலைத்தாளைப் படித்தல், எதிராளியின் நெருக்கடியை உணர்தல், முழுமையற்ற தகவலில் முடிவெடுத்தல், அதை எழுத்தில் நியாயப்படுத்துதல் ஆகியவை எந்த விற்பனைப் பணிக்கும் பொருந்தும். கூடவே, வீட்டில் உழவு செய்யும் மாணவரிடம் வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத அறிவு இருக்கிறது. இந்த முறை அதற்கு முதன்முறையாகக் கல்வி மதிப்பைத் தருகிறது.

முடிவுரை

மார்க்கெட்டிங் கல்வியின் நேர்வு முறை கடைகளின் கணக்கிலிருந்து பிறந்தது. நம் கல்லூரிகள் அதன் விளைச்சலை மட்டும் வாங்கிக்கொண்டு, விளைவிக்கும் முறையை விட்டுவிட்டன. இதைத் திருத்தப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. பாடத்திட்டக் குழு வினாப்பட்டியல் புராஜெக்டுக்கு மாற்றாக நேர்வு எழுதுவதை ஏற்க வேண்டும். ஆசிரியரின் களப்பணி நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். துறைகள் தங்கள் நேர்வுகளைத் தொகுத்துத் தம்முள் பரிமாறிக்கொள்ள வேண்டும். அப்போது ஆரணி அரிசி, செங்கம் வட்டாரக் காய்கறி, கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை பற்றிய தமிழ் நேர்வுகள் ஆண்டுதோறும் சேரும். ஏலத்தில் கேட்ட விலையை மறுப்பதா ஏற்பதா என்று தவிக்கும் விவசாயிக்கு அந்தத் தொகுப்பு பயன்படுமானால், அதுவே மாணவர் எழுத்தின் தரத்துக்குச் சரியான அளவுகோல்.