ஏட்டில் ஒரு வரி

பேஸ்பாலைக் கிரிக்கெட்டின் அமெரிக்க உறவினர் என்று சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். ஆடும் முறையில் இரண்டுக்கும் வேறுபாடுகள் பல. ஆனால் கணக்கு எழுதிவைக்கும் பித்தில் இரண்டும் ஒரே குடும்பம்தான். அமெரிக்காவின் மேஜர் லீக் எனப்படும் உயர்மட்டப் போட்டியில் ஒருவர் ஒரே ஓர் ஆட்டத்தில், அதிலும் சில நிமிடங்களே களத்தில் நின்றிருந்தாலும், அவர் பெயர் பதிவேட்டில் ஏறிவிடும். பிறந்த ஊர், முதல் ஆட்டத்தின் தேதி, கடைசி ஆட்டத்தின் தேதி, அடித்தவை, தவறவிட்டவை எல்லாம் அதில் இருக்கும். சங்கத் தொகைகளில் ஒரே பாட்டால் மட்டும் அறியப்படும் புலவர்களைப் போல, ஒரே ஆட்டத்தால் அறியப்படும் ஆட்டக்காரர்கள் அந்த ஏட்டில் நூற்றுக்கணக்கில் உண்டு.

அந்த ஒரு வரி யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்டுப் பார்த்தால், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அமெரிக்காவின் முகம் ஒன்று துலங்கும். 1876இல் தோன்றிய நேஷனல் லீகுக்குப் போட்டியாக 1901இல் அமெரிக்கன் லீக் தன்னையும் மேஜர் லீக் என்று அறிவித்துக்கொண்டது. இரண்டு ஆண்டுகள் மோதிய பிறகு 1903இல் இரண்டும் சமாதானம் செய்துகொண்டன. அந்த ஆண்டே இரண்டு லீகுகளின் முதல்வர்களும் மோதும் உலகத் தொடர் தொடங்கியது. மொத்தம் 16 அணிகள். நாடெங்கும் சிற்றூர் அணிகளில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களின் கனவெல்லாம் அந்த 16 அணிகளில் ஏதேனும் ஒன்றில் ஒருநாள் இறங்கிவிட வேண்டும் என்பதே.

1905ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் அந்தக் கனவு ஆர்ச்சிபால்ட் கிரஹாமுக்குப் பலித்தது. வட கரோலினாவைச் சேர்ந்தவர், மருத்துவம் படித்தவர், 'மூன்லைட்' என்று பட்டப்பெயர் கொண்டவர். ஜான் மெக்ரா என்ற புகழ்பெற்ற மேலாளரின் கீழ் இயங்கிய நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி அன்று புரூக்ளினில் ஆடியது. வெற்றி உறுதியாகிவிட்ட நிலையில், எட்டாவது இன்னிங்ஸின் பிற்பாதியில் கிரஹாமை வலது எல்லைப்புறத்தில் தடுப்பாட்டத்துக்கு அனுப்பினார் மெக்ரா. பந்து அவர் பக்கம் வரவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் அடுத்து மட்டை பிடிக்கும் முறை அவருடையது. அவர் காத்து நிற்கும்போதே முன்னவர் அடித்த பந்து பிடிபட்டு, அணியின் மூன்றாவது ஆட்டமிழப்பாகி, இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. 11-1 என்று ஜயண்ட்ஸ் வென்றது. கிரஹாம் பிறகு எந்த மேஜர் லீக் ஆட்டத்திலும் இறங்கவில்லை.

அவர் மின்னசோட்டாவின் இரும்புச் சுரங்க ஊரான சிஷமுக்குச் சென்று மருத்துவரானார். பல பத்தாண்டுகள் பள்ளி மருத்துவராக இருந்து, அவ்வூர்க் குழந்தைகளின் ரத்த அழுத்தம் குறித்து ஆய்வும் செய்தார். 1965இல் காலமானார். பேஸ்பால் கலைக்களஞ்சியத்தில் அவருடைய விசித்திரமான வரியைக் கண்டு வியந்த கனடிய எழுத்தாளர் டபிள்யூ. பி. கின்செல்லா, 1982இல் வெளியான 'ஷூலெஸ் ஜோ' நாவலில் அவரைப் பாத்திரமாக்கினார். 1989இல் அது 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' என்ற திரைப்படமானது. ஏட்டில் ஒரு வரி எஞ்சியிருந்ததால் ஒரு மனிதர் இலக்கியத்துக்குள் வந்து சேர்ந்தார்.

கிரஹாம் வந்துபோன அதே கோடையின் இறுதியில், ஆகஸ்ட் 30ஆம் நாள், டெட்ராய்ட் டைகர்ஸ் அணியில் பதினெட்டு வயது டை காப் அறிமுகமானார். மூன்று வாரங்களுக்கு முன்புதான் அவருடைய தந்தை வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். சுட்டவர் தாய். அந்நியன் என்று எண்ணிச் சுட்டதாக அவர் சொன்னார். மறு ஆண்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தத் துயரத்தோடு களமிறங்கிய காப், முந்தைய ஆண்டு 41 வெற்றிகளை ஈட்டியிருந்த ஜாக் செஸ்ப்ரோவின் பந்தை முதல் முறையிலேயே அடித்து இரண்டாம் தளம் வரை ஓடினார். 1928 வரை 24 பருவங்கள் ஆடினார். கிரஹாமின் வரி முடிந்த இடத்தில் காப்பின் பக்கங்கள் தொடங்குகின்றன எனலாம்.

காப்பின் கோபமும் அவர் ஆட்டத்தைப் போலவே பேர்பெற்றது. 1912 மே 15இல் நியூயார்க்கில், தம்மை ஏசிக்கொண்டிருந்த பார்வையாளர் ஒருவரைக் காப் கூட்டத்துக்குள் பாய்ந்து தாக்கினார். அடிவாங்கியவர் அச்சு இயந்திர விபத்தில் ஒரு கையை முழுதும், மறு கையின் விரல்கள் சிலவற்றையும் இழந்தவர். காப்பின் ரத்தத்தில் கறுப்பினக் கலப்பு உண்டு என்ற ஏச்சே அவரை வெறிகொள்ளச் செய்தது என்று சொல்லப்பட்டது. லீகின் தலைவர் பான் ஜான்சன் காப்பை இடைநீக்கம் செய்தார். சக ஆட்டக்காரர்கள் காப் இல்லாமல் ஆட மறுத்தார்கள். மே 18இல் ஃபிலடெல்ஃபியாவில் அணி இறங்காவிட்டால் உரிமையாளருக்கு 5000 டாலர் அபராதம்.

அதனால் உள்ளூரில் கிடைத்தவர்களைத் திரட்டிச் சீருடை மாட்டிவிட்டார்கள். செயின்ட் ஜோசப் கல்லூரி மாணவர் ஆலன் டிராவர்ஸ் பந்து வீச்சாளரானார். எதிரே நின்றது 1910, 1911 ஆண்டுகளின் உலகச் சாம்பியன் அணி. டைகர்ஸ் 24-2 என்று தோற்றது. 26 அடிகளையும் 24 ஓட்டங்களையும் கொடுத்தும் டிராவர்ஸ் கடைசி வரை வீசினார். பின்னாளில் இயேசு சபைப் பாதிரியாரானார். அன்று அவரோடு இறங்கிய எட் இர்வின் மூன்று வாய்ப்புகளில் இரண்டு முறை அடித்து மூன்றாம் தளம் சேர்ந்தார். ஆகவே ஏட்டின்படி அவருடைய வாழ்நாள் சராசரி 0.667, காப்பின் சராசரியை விட மிக அதிகம்! தெருவில் கிடைத்தவர்களுக்கும் அந்த ஏடு இவ்வளவு தாராளமாக இடம் கொடுத்தது.

ஆனால் எல்லோருக்கும் கொடுக்கவில்லை. கிரஹாமுக்கு இரண்டு இன்னிங்ஸ் கொடுத்த அதே ஜான் மெக்ரா, 1901இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் மேலாளராக இருந்தார். ஆர்கன்சாவின் ஹாட் ஸ்ப்ரிங்ஸில் பயிற்சிக்குத் தங்கியபோது, விடுதியில் பணியாளாக இருந்த சார்லி கிராண்டின் ஆட்டத்தைக் கண்டார். கிராண்ட் கறுப்பின அணியான கொலம்பியா ஜயண்ட்ஸின் தேர்ந்த ஆட்டக்காரர். கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்பது எங்கும் எழுதப்படாத, ஆனால் எல்லோரும் கடைப்பிடித்த விதி. பூர்வகுடி இந்தியர்களுக்கு அந்தத் தடை இல்லை. எனவே கிராண்டை டோகஹோமா என்ற செரோக்கி இந்தியர் என்று மெக்ரா அறிமுகம் செய்தார். ஊர் வரைபடத்தில் இருந்த ஓர் ஓடையின் பெயரை எடுத்து வைத்தார் என்று ஒரு கதை உண்டு. சிகாகோ அணியின் உரிமையாளர் சார்லஸ் கொமிஸ்கி வேடத்தைக் கண்டுகொண்டு எதிர்த்தார். பருவம் தொடங்கும் முன்பே கிராண்ட் விலக்கப்பட்டு, பழைய அணிக்குத் திரும்பினார். தன் பெயரையும் இனத்தையும் மறைத்தும் அவருக்கு ஓர் இன்னிங்ஸ்கூடக் கிட்டவில்லை. 1932இல் சின்சினாட்டியில் கார் மோதி இறந்தார். ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்தது 1947இல்.

இடையில் 1920இல் ரூப் ஃபாஸ்டர் கறுப்பினத்தவருக்கெனத் தனி லீகைத் தொடங்கினார். அந்த லீகுகளை மேஜர் லீக் நிர்வாகம் நெடுங்காலம் கணக்கில் கொள்ளவில்லை. 2020 டிசம்பரில்தான், 1920 முதல் 1948 வரையிலான ஏழு லீகுகளை மேஜர் லீகுகளாக ஏற்றது. சுமார் 3400 பேர் ஒரே அறிவிப்பில் ஏட்டுக்குள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதைக் காண உயிரோடில்லை. 2024இல் எண்கள் இணைக்கப்பட்டபோது, நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த காப்பின் 0.367 சராசரியை ஜாஷ் கிப்சனின் 0.372 பின்னுக்குத் தள்ளியது. கறுப்பினக் கலப்பு என்ற ஏச்சுக்காக ஒருவரை அடித்தவராகச் சொல்லப்படும் மனிதரின் இடத்தில் இன்று ஒரு கறுப்பர் பெயர் இருக்கிறது.

எனினும் இந்தத் திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது 1920இல் தொடங்குகிறது. சார்லி கிராண்டின் ஆட்டக்காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மூன்லைட் கிரஹாமின் வரியில், ஆடிய ஆட்டம் ஒன்று என்பதற்குப் பிறகு வரிசையாகச் சுழியங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு நாவல் பிறந்தது. கிராண்டுக்கு அந்தச் சுழியங்களும் எழுதப்படவில்லை.